யூரியா ஏறியிருந்தது, சிறுநீரகம் கெடவில்லை: ஒரு நாயின் உப்புக் கணக்கு

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியாவும் கிரியேட்டினினும் ஏறிய ரத்த அறிக்கையைப் பார்த்ததும் "கிட்னி போயிடுச்சு" என்று சொல்லிவிடுவது எளிது. பல சமயம் அது சரியாகவும் இருக்கும். இந்த நாய்க்கு அது சரியாக இல்லை. சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. உப்பைப் பிடித்து வை என்று அதற்குச் சொல்ல வேண்டிய ஹார்மோன்தான் வரவில்லை. இரண்டும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் முதலாவது என்று நினைத்தால் பேச்சு கருணைக்கொலையில் போய் நிற்கும். இரண்டாவது என்று தெரிந்தால் நாய் தன் ஆயுள் முழுக்க வாழும். அதனால் இந்த நாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

வந்த நிலை

நான்கு வயதுப் பெண் நாய், ஸ்டாண்டர்ட் பூடில், கருத்தடை ஆனது, 21 கிலோ. மூன்று மாதமாகவே விட்டு விட்டு வாந்தி, சாப்பாட்டில் விருப்பமின்மை, பின்னங்கால்களில் நடுக்கம். எடையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. முடியாமல் போகும்போதெல்லாம் வேறொரு இடத்தில் ட்ரிப் போட்டிருக்கிறார்கள். கடைசி முறை ரத்தம் எடுத்துப் பார்த்ததில் யூரியா, கிரியேட்டினின் இரண்டும் கூடுதல். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு என்று முடிவாகி, சிறுநீரக நோய்க்கான உணவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த வகை உணவில் புரதமும் பாஸ்பரஸும் குறைவு, சோடியமும் குறைவு. மாற்றிய இரண்டு வாரத்துக்குள் நாய் எழுந்திருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது.

வளர்ப்பவர் நாயைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார். அவர் கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருந்தது: "ட்ரிப் போட்டா மறுநாளே ஓடுது டாக்டர். பத்து நாள் கழிச்சு மறுபடியும் படுத்துடுது. கிட்னி கெட்டுப்போச்சுன்னா ஒரே நாள்ல எப்படி நல்லாகும்?"

நாள்பட்ட சிறுநீரக நோயில் இழந்த நெஃப்ரான்கள் (சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் குழல்கள்) திரும்பி வருவதில்லை. ட்ரிப் போட்டால் கொஞ்சம் தேறும், ஆனால் மறுநாள் ஓடாது. ஓடுகிறதென்றால் ட்ரிப்பில் இருந்த ஏதோ ஒன்று அந்த உடம்பில் இல்லாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். ட்ரிப்பில் இருப்பதோ பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான்.

உடல் வெப்பம் 37.1 டிகிரி செல்சியஸ், ஈறு வெளிறி, அழுத்தி விட்டால் நிறம் திரும்ப மூன்று வினாடி, தொடையில் நாடி நூல் போல. இதெல்லாம் அதிர்ச்சி நிலைக்குப் பொருந்தும். பொருந்தாத ஒன்று இதயத் துடிப்பு. ரத்தக் கொள்ளளவு இந்த அளவுக்குக் குறைந்த நாய்க்கு நிமிடத்துக்கு 160, 180 என்று அடிக்க வேண்டும். இதற்கு 52. அதிர்ச்சியில் இருக்கும் நாயின் இதயம் நிதானமாக அடித்தால், முதலில் பொட்டாசியத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

ஈசிஜியில் இதயத்தின் மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலையே இல்லை. டி அலை கூடாரம் போல உயர்ந்து, கீழறைத் துடிப்பைக் காட்டும் கியூஆர்எஸ் அகன்றிருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்போது இதயத் தசைச் செல்களின் ஓய்வுநிலை மின்னழுத்தம் மாறி, துடிப்பைத் தொடங்கிவைக்கும் சோடியம் வாயில்கள் முடங்குகின்றன. மேலறைத் தசைதான் இதில் முதலில் அடங்கும். அதனால்தான் பி அலை மறைகிறது.

ட்ரிப் ஏற்றும் முன் எடுத்த சிறுநீர்

அவசரத்தில் பலரும் விட்டுவிடும் ஒரு வேலை இருக்கிறது. திரவம் ஏற்றுவதற்கு முன்பே சிறுநீர் எடுத்துவிட வேண்டும். ஒருவர் நரம்பில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் ஸ்கேன் பார்த்து மூத்திரப்பையிலிருந்து சில மில்லி உறிஞ்சிவிடலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது. ட்ரிப் ஓடத் தொடங்கிய பிறகு வரும் சிறுநீர், சிறுநீரகம் என்ன முடிவெடுத்திருந்தது என்பதைச் சொல்லாது. நாம் என்ன ஊற்றினோம் என்பதைத்தான் சொல்லும்.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 127 மில்லிமோல், பொட்டாசியம் 8.1, குளோரைடு 96. சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்குமான விகிதம் 15.7. நல்ல நிலையில் உள்ள நாய்க்கு இது 27-க்கு மேல் இருக்கும். யூரியா நைட்ரஜன் டெசிலிட்டருக்கு 96 மில்லிகிராம், கிரியேட்டினின் 4.0. குளுக்கோஸ் 58, குறைவு. கால்சியம் 12.4, லேசாகக் கூடுதல். ரத்தத்தின் பி.எச். 7.21, பைகார்பனேட் 13, அதாவது ரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்திருந்தது. வெள்ளணுக்களில் லிம்போசைட் மைக்ரோலிட்டருக்கு 4,200. இந்தக் கடைசி எண் சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் உறுத்த வேண்டிய எண் அது. இவ்வளவு மோசமான நிலையில் உள்ள நாய்க்கு சிறுநீரகத்தை ஒட்டி இருக்கும் அட்ரீனல் சுரப்பி, நெருக்கடிக் கால ஹார்மோனான கார்டிசாலைக் கொட்டியிருக்க வேண்டும், கார்டிசால் லிம்போசைட்டை இறக்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரை 1 என்று வைத்தால் சிறுநீர் எவ்வளவு அடர்த்தி என்பது, 1.017. சிறுநீரில் சோடியம் 74 மில்லிமோல், பொட்டாசியம் 24, கிரியேட்டினின் 80 மில்லிகிராம்.

இந்த நான்கு எண்களைத்தான் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றிய நாயின் ஒப்படர்த்தி 1.030-ஐத் தாண்ட வேண்டும், தாண்டவில்லை. "பார்த்தீர்களா, சிறுநீரகத்தால் அடர்த்தியாக்க முடியவில்லை, அப்போ கிட்னிதான்" என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. ஆனால் பக்கத்திலேயே சோடியம் இருக்கிறது. ரத்தத்தில் சோடியம் குறைந்து, ரத்த அழுத்தமும் விழுந்துகொண்டிருக்கிற ஒரு விலங்கின் சிறுநீரில் சோடியம் ஏறக்குறைய இருக்கவே கூடாது. லிட்டருக்கு 20-க்குக் கீழே போயிருக்க வேண்டும். இங்கே 74. வடிகட்டப்பட்ட சோடியத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்று கிரியேட்டினினை வைத்துக் கணக்கிட்டால் 2.9 வருகிறது. நீர் வற்றிய நல்ல சிறுநீரகத்தில் அது ஒன்றுக்கும் குறைவாக இருக்கும். வைத்துக்கொள்ள வேண்டிய சோடியம் போகிறது. போக வேண்டிய பொட்டாசியமோ ரத்தத்தில் 8.1 இருந்தும் சிறுநீரில் வெறும் 24.

சோடியம் ஒழுகுவது மட்டும் என்றால் சிதைந்த சிறுநீரகமும் அப்படி ஒழுகவிடும். சோடியம் ஒழுகி, அதே நேரம் பொட்டாசியம் தேங்குகிறது என்றால், கண்கள் நெஃப்ரானின் கடைசிப் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே இந்த இரண்டையும் சேர்த்து ஆள்வது ஒரே ஹார்மோன், அட்ரீனல் சுரப்பி தரும் ஆல்டோஸ்டிரோன்.

ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சரியான அளவில், ஓரம் வழவழப்பாக, புறணியும் (வெளிப்பகுதி) அகணியும் (உட்பகுதி) தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. மூத்திரப்பை கிழியவில்லை, சிறுநீர்ப்பாதையில் அடைப்பில்லை. இடது அட்ரீனல் சுரப்பியின் தடிமன் 2.3 மில்லிமீட்டர்தான், ஒரு மெல்லிய பட்டை போல இருந்தது.

முதல் 24 மணி நேரம்

கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதக் கரைசல், கிலோவுக்கு ஒரு மில்லி வீதம், ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்து மெதுவாக. இது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயச் செல் துடிப்பைத் தொடங்க வேண்டிய மின்னழுத்த வரம்பை மேலே தள்ளி, நமக்கு அரை மணி நேரம் போல வாங்கித் தரும், அவ்வளவுதான். ஊசி முடியும் முன்பே சின்னதாக பி அலை எட்டிப் பார்த்தது. குளுக்கோஸ் ஏற்கெனவே குறைவு என்பதால் இன்சுலினைத் தொடவில்லை. டெக்ஸ்ட்ரோஸ் மட்டும் கிலோவுக்கு அரை கிராம், நீர்க்கச் செய்து கொடுத்தோம். நாயின் கணையமே இன்சுலினைச் சுரந்து பொட்டாசியத்தில் ஒரு பங்கைச் செல்லுக்குள் தள்ளிவிடும்.

திரவமாக ரிங்கர் லாக்டேட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதில் பொட்டாசியம் இருக்கிறதே என்று தயங்குவார்கள். லிட்டருக்கு 4 மில்லிமோல்தான், 8.1 இருக்கும் ரத்தத்தில் அது கலந்தால் இறங்கத்தான் செய்யும். சாதாரண சலைனில் சோடியம் 154, ரிங்கர் லாக்டேட்டில் 130. பல வாரமாக 127-க்குப் பழகிய மூளைக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு. முதலில் கிலோவுக்கு 20 மில்லி வேகமாக, பிறகு நாடியைப் பார்த்துக் குறைத்து.

அப்புறம் டெக்ஸாமெத்தசோன், கார்டிசாலின் வேலையைச் செய்யும் செயற்கை ஸ்டீராய்டு. இதையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். ஹைட்ரோகார்டிசோனோ பிரெட்னிசோலோனோ கொடுத்துவிட்டால் கார்டிசால் பரிசோதனை அதையும் கார்டிசாலாக எண்ணிவிடும். டெக்ஸாமெத்தசோன் அப்படிக் குழப்பாது. அடிப்படை ரத்த மாதிரி எடுத்து, அட்ரீனலைக் கார்டிசால் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான ஏசிடிஎச்சின் செயற்கை வடிவத்தைக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது மாதிரியும் எடுத்தோம். நாய் பிழைக்க வேண்டிய வேலை எதுவும் இதற்காக நிற்கவில்லை.

நான்கு மணி நேரத்தில் பொட்டாசியம் 6.2, சோடியம் 129. நாய் தலை தூக்கிப் பார்த்தது. நிம்மதியாக மூச்சு விட்ட அந்த நேரத்தில்தான் அடுத்த ஆபத்து தொடங்கியது. ஐந்தாவது மணியிலிருந்து சிறுநீர் திடீரெனப் பெருகியது. அதுவரை மணிக்குக் கிலோவுக்கு ஒரு மில்லி வந்துகொண்டிருந்த இடத்தில் ஆறு மில்லி. ஒப்படர்த்தி 1.004, அதாவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். ஏழாவது மணியில் சோடியம் 133.

நாம் ஊற்றியதோ சோடியம் 130 உள்ள திரவம். அதை ஊற்றியே 133-க்கு எப்படிப் போகும்? சிறுநீரகம் தண்ணீரை மட்டும் தனியாகப் பிரித்து வெளியே அனுப்பியதால்தான். ரத்தக் கொள்ளளவு குறைந்திருந்த நாள் முழுக்க மூளையின் அடியிலிருந்து வாசோப்ரெசின் சுரந்து, தண்ணீரை விடாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சோடியம் குறைந்தால் வாசோப்ரெசின் நிற்க வேண்டும். ஆனால் ரத்தக் கொள்ளளவு மிகவும் விழுந்துவிட்டால் உடம்பு அடர்த்தியைக் காவு கொடுத்துக் கொள்ளளவைக் காப்பாற்றும். கார்டிசால் இல்லாததும் வாசோப்ரெசினைக் கூட்டும். நாம் திரவமும் டெக்ஸாமெத்தசோனும் கொடுத்ததும் இரண்டு காரணங்களும் ஒன்றாக விலகின. வாசோப்ரெசின் ரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும். அது போனதும், நெஃப்ரானின் கடைசியில் இருக்கும் சேகரிப்பு நாளத்தின் நீர்வாயில்கள் மூடிக்கொள்ள, தேக்கி வைத்த தண்ணீர் மொத்தமாகக் கிளம்பிவிட்டது.

சோடியம் வேகமாக ஏறினால் மூளைச் செல்களிலிருந்து தண்ணீர் வெளியேறி, சில நாள் கழித்து நரம்புறை சிதையும். ஒரு நாளில் 10 முதல் 12 மில்லிமோலுக்கு மேல் ஏற விடக்கூடாது. ஏழு மணி நேரத்திலேயே ஆறு ஏறிவிட்டது. உடனே பாதித் திரவத்தை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸுக்கு மாற்றி, போகிற தண்ணீருக்கு ஈடு கட்டினோம். 24-வது மணியில் சோடியம் 136, பொட்டாசியம் 4.9. மொத்த ஏற்றம் ஒன்பது. இரண்டாம் நாள் முடிவில் 142.

மறுநாள் வந்த ஹார்மோன் அறிக்கையில் ஏசிடிஎச் ஊசிக்கு முன்னும் கார்டிசால் டெசிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்குக் கீழே, பின்னும் ஒன்றுக்குக் கீழே. அட்ரீனல் புறணி வேலை செய்யவில்லை. அடிசன் நோய். மனிதர்களில் இதை 1855-இல் தாமஸ் அடிசன் விவரித்தார், அந்தப் பெயரே நாய்க்கும் நிலைத்துவிட்டது. உடம்பின் நோயெதிர்ப்பு மண்டலமே அட்ரீனல் புறணியை அழித்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். புறணியில் 90 சதவீதம் அளவுக்கு அழியும்வரை வெளியே அதிகம் தெரியாது. இளம் மற்றும் நடுவயதுப் பெண் நாய்களில் கூடுதலாகப் பார்க்கிறோம். ஸ்டாண்டர்ட் பூடில் இனத்தில் இது பரம்பரையாகவும் வருகிறது.

சாட்டைப்புழு என்ற குடற்புழு கடுமையாகத் தாக்கினாலும் சோடியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறி, அச்சு அசலாக இதே படம் வரும். ஆனால் அதில் ஏசிடிஎச் பரிசோதனை சரியாக இருக்கும். இந்த நாயின் மலத்தில் முட்டைகள் இல்லை.

கடைசி இரண்டு சதவீதம்

ஒரு ஹார்மோன் இல்லாமல் போனதற்கு ஏன் இவ்வளவு பெரிய சரிவு? இந்த நாயின் அளவை வைத்தே கணக்குப் போடலாம். நல்ல நிலையில் 21 கிலோ நாயின் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 100 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் சோடியம் 14,500 மில்லிமோல். சாப்பாட்டு உப்பாகச் சொன்னால் 800 கிராமுக்கு மேல். அந்த நாயின் செல்களுக்கு வெளியே உள்ள திரவம் முழுவதிலும் இருப்பதே 670 மில்லிமோல் அளவுதான். ஆக, உடம்பு தன் கைவசம் உள்ள சோடியத்தை ஒரு நாளில் இருபது தடவைக்கு மேல் வெளியே விட்டு மறுபடி உள்ளே எடுத்துக்கொள்கிறது.

அப்படி எடுப்பதில் மூன்றில் இரண்டு பங்கு நெஃப்ரானின் தொடக்கச் சுருள்குழலிலேயே முடிந்துவிடும். கால் பங்கு ஹென்லி வளைவின் தடித்த ஏறுகுழலில். இன்னும் ஐந்து சதவீதம் அதற்கடுத்த குழலில். இதெல்லாம் ஆல்டோஸ்டிரோன் இல்லாமலும் நடக்கும். அந்த ஹார்மோனின் கையில் இருப்பது கடைசியில் மிஞ்சும் இரண்டு சதவீதம் போலத்தான். ஆனால் 14,500-இல் இரண்டு சதவீதம் 290. நாளொன்றுக்கு 290 மில்லிமோல் போனால், உடம்பின் வெளித்திரவச் சோடியத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே நாளில் காலி. நிஜத்தில் அவ்வளவு வேகமாகப் போகாது. அழுத்தம் விழ விழ வடிகட்டும் அளவும் குறைந்து, ஒழுக்கும் குறையும். அந்தக் குறைவைத்தான் நாம் கிரியேட்டினின் 4.0 என்று பார்த்தோம். கிரியேட்டினின் ஏறியது சிறுநீரகம் செத்ததால் அல்ல. வடிகட்டக் கொடுக்கப் போதுமான ரத்தம் அதற்கு வந்து சேராததால்.

சேகரிப்பு நாளத்தின் முதன்மைச் செல்லுக்குள் நடப்பது இது. சிறுநீர்ப் பக்கத்துச் சவ்வில் சோடியம் நுழைய ஒரு வாயில், பொட்டாசியம் வெளியேற ஒரு வாயில். ரத்தப் பக்கத்தில் ஒரு பம்ப், மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஆல்டோஸ்டிரோன் செல்லுக்குள் போய் மரபணுக்களைத் தூண்டி இந்த வாயில்களையும் பம்ப்களையும் கூட்டுகிறது. சோடியம் உள்ளே வரும்போது சிறுநீர்ப் பக்கம் எதிர்மின் ஆகும். அந்த இழுப்பில்தான் பொட்டாசியம் வெளியே போகிறது. சோடியம் நுழையாவிட்டால் பொட்டாசியம் போக வழியில்லை. பக்கத்துச் செல் அமிலத்தை வெளியே தள்ளுவதும் மந்தமாகும், பி.எச். 7.21 ஆனதில் அதற்கும் பங்கு உண்டு.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, வளர்ப்பவரின் கேள்விக்குப் பதிலும் அதுதான். குழலில் நீரோட்டம் வேகமாக இருந்தால், ஆல்டோஸ்டிரோன் இல்லாமலே ஓரளவு பொட்டாசியம் அடித்துச் செல்லப்படும். ட்ரிப் போட்டால் வடிகட்டல் கூடுகிறது, ஓட்டம் கூடுகிறது, பொட்டாசியம் இறங்குகிறது, சோடியமும் கிடைக்கிறது. மறுநாள் நாய் ஓடுகிறது. ட்ரிப்பில் வந்த உப்பு தீர்ந்ததும் மறுபடி படுக்கிறது.

ஆல்டோஸ்டிரோன் மரபணு வழியாக வேலை செய்வதால் அதற்கு நேரம் பிடிக்கும். 1961-இல் ஜான் கிராபே என்ற ஆய்வாளர் தேரையின் சிறுநீர்ப்பையைத் தனியே எடுத்து, அதன் மேல் ஆல்டோஸ்டிரோனை ஊற்றிச் சோடியம் கடப்பதை அளந்தார். உடனே எதுவும் மாறவில்லை. கொஞ்ச நேரம் கழித்தே ஓட்டம் கூடத் தொடங்கியது. தேரை தன் சிறுநீர்ப்பையையே ஒரு தண்ணீர்த் தொட்டியாக வைத்திருக்கிற விலங்கு, அதன் சுவரில் இருப்பதும் நாயின் சேகரிப்பு நாளத்தில் உள்ள அதே வகை வாயில்தான். இப்படி ஒரு ஏற்பாடு இத்தனை விலங்குகளில் மாறாமல் வந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அவசரத்தில் ஹார்மோன் ஊசியைத் தேடி ஓடாமல் முதலில் திரவத்தைக் கொடுப்பதற்கான காரணமும் இந்தத் தாமதத்தில் இருக்கிறது.

உப்பு மட்டுமே ஓரளவு காப்பாற்றும் என்பதும் பழைய பாடம். கர்ட் ரிக்டர் 1936-இல் அட்ரீனல் நீக்கப்பட்ட எலிகளுக்கு உப்புக் கரைசலைத் தனிப் பாத்திரத்தில் வைத்தார். அவை அதைத் தேடித் தேடிக் குடித்துப் பிழைத்தன. உப்பு கிடைக்காதவை இறந்தன. இதற்கு நேர் எதிரான காட்சி தென்கிழக்கு ஆஸ்திரேலிய மலைகளில் இருக்கிறது. அங்கே மண்ணிலும் புல்லிலும் சோடியம் மிகக் குறைவு. 1968-இல் வெளியான ஆய்வில், அங்கு வாழும் முயல்களின் அட்ரீனல் சுரப்பியில் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும் வெளியடுக்கு பருத்திருந்தது, சிறுநீரில் சோடியம் ஏறக்குறைய இல்லை. உப்பில்லாத மலையில் அந்த முயலின் சிறுநீரகம் சோடியத்தைச் சொட்டு விடாமல் பிடித்து வைக்கிறது. எங்கள் நாயின் சிறுநீரகத்தாலும் அது முடியும். சுரப்பி மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

அடர்த்தி ஏன் ஏறவில்லை

மிச்சம் இருப்பது அந்த 1.017. சிறுநீரக நோய் என்று நம்ப வைத்ததில் பெரும்பங்கு இதற்குத்தான்.

சிறுநீரை அடர்த்தியாக்க இரண்டு வேண்டும். ஒன்று வாசோப்ரெசின், அது இந்த நாயிடம் ஏராளமாக இருந்தது. இன்னொன்று, சிறுநீரகத்தின் அகணிப் பகுதியில் உப்பும் யூரியாவும் திரண்டு கிடக்க வேண்டும். ஹென்லி வளைவின் ஏறுகுழல் உப்பை வெளியே தள்ளும், தண்ணீரை விடாது. இறங்குகுழல் தண்ணீரை விடும். எதிரெதிராக ஓடும் இந்த இரண்டு குழல்களும் சேர்ந்து, ஒவ்வொரு மட்டத்திலும் ஏற்படும் சிறு வித்தியாசத்தைக் கீழே போகப் போகப் பெருக்கிக்கொண்டே போகின்றன. விர்ட்ஸ், ஹார்கிட்டாய், கூன் ஆகிய மூவரும் 1951-இல் எலியின் சிறுநீரகத்தை உறையவைத்து மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்து, நுனியை நோக்கிப் போகப் போக அடர்த்தி ஏறுவதைக் காட்டினார்கள். வாசோப்ரெசின் நீர்வாயிலைத் திறந்து வைக்கத்தான் முடியும். எவ்வளவு தண்ணீர் திரும்பும் என்பதைச் சுற்றியுள்ள உப்பின் அடர்த்திதான் தீர்மானிக்கும்.

விலங்குக்கு விலங்கு இது மாறுவதும் இதனால்தான். தண்ணீரிலேயே வாழும் பீவரின் அகணி ஆழமில்லாதது, அதன் சிறுநீர் 500, 600 மில்லிஆஸ்மோலைத் (கரைந்திருக்கும் பொருள்களின் அடர்த்தியை அளக்கும் அலகு) தாண்டுவது அரிது. நாய் 2,000-ஐத் தாண்டும். ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் துள்ளெலி 9,000-ஐயும் தாண்டுகிறது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் காய்ந்த விதையிலேயே அதனால் காலம் தள்ள முடியும்.

எங்கள் நாயோ மாதக்கணக்கில் சோடியத்தை இழந்துகொண்டிருந்தது. அகணியில் சேர்த்து வைக்க உப்பு மிஞ்சவில்லை. இருந்ததும் கரைந்து போய்விட்டது. நீர்வாயில்கள் திறந்தே இருந்தும் தண்ணீரை இழுக்க வெளியே எதுவும் இல்லை. குழல்களில் எந்தச் சேதமும் இல்லாமலே அடர்த்தி 1.017-இல் நின்றதற்கு இதுதான் காரணம். அடிசன் நோயுள்ள நாய்களில் இது அடிக்கடி நடப்பது. ஆகவே நீர் வற்றிய நாய்க்கு ஒப்படர்த்தி குறைவாக இருந்தால், அதை வைத்து மட்டும் சிறுநீரகத்தின் மேல் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒப்படர்த்தியோடு சோடியத்தையும் பொட்டாசியத்தையும், ரத்தத்திலும் சிறுநீரிலும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில நாய்களில் தொடக்கத்தில் கார்டிசால் மட்டும் குறைந்து உப்புகள் சரியாகவே இருக்கும். அந்த வகையை இந்தக் கணக்கால் பிடிக்க முடியாது, கார்டிசாலைத்தான் அளக்க வேண்டும்.

அதன் பிறகு

மூன்றாம் நாள் கிரியேட்டினின் 1.2. சிறுநீரக உணவை நிறுத்தி, வழக்கமான உணவுக்குத் திரும்பினோம். நீர் வற்றியிருந்தபோது 44 சதவீதமாகத் தெரிந்த சிவப்பணு அளவு, திரவம் ஏறியதும் 30-க்கு இறங்கியது. மறைந்திருந்த ரத்தசோகை வெளியே வந்ததுதான். அடுத்த சில வாரங்களில் தானாகவே ஏறிவிட்டது.

ஆல்டோஸ்டிரோனுக்குப் பதிலாக டெஸாக்ஸிகார்ட்டிகோஸ்டிரோன் பிவலேட் ஊசியைக் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் அளவில் தொடங்கினோம். கார்டிசாலுக்குப் பதிலாக பிரெட்னிசோலோன், முதலில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு அதில் பாதி. ஊசி போட்ட பத்தாம் நாளும் 25-ஆம் நாளும் ரத்தத்தில் உப்புகளைப் பார்த்தோம். பத்தாம் நாள் எண் மருந்தின் அளவு சரியா என்று சொல்லும். 25-ஆம் நாள் எண் எத்தனை நாள் தாங்குகிறது என்று சொல்லும். பத்தாம் நாள் சோடியம் 146, பொட்டாசியம் 4.1. 25-ஆம் நாள் 143, 4.7. மூன்றாவது வார முடிவில் காலைச் சிறுநீரின் ஒப்படர்த்தி 1.038.

ஊசியின் அளவை இரண்டாம் மாதம் கொஞ்சம் குறைத்தோம். பிரெட்னிசோலோனைப் பொறுத்தவரை வளர்ப்பவரிடம் ஒன்றை எழுதியே கொடுத்திருக்கிறோம்: பயணம், விருந்தினர் கூட்டம், வெடிச்சத்தம், வேறு நோய், அறுவை சிகிச்சை என்று நாயை உலுக்கும் எது வந்தாலும் அன்றைய அளவை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் ஊசிக்குக் கொண்டுவர வேண்டும்.